வழக்காடும் மூப்பு: திருவெண்ணெய்நல்லூர்க் கதைகளும் பொக்காச்சியோவின் டெக்கமெரானும்

ஆய்வுச்சுருக்கம்

இடைக்காலக் கதைகளில் இளமையும் முதுமையும் வாழ்க்கைப் பருவங்களாக மட்டும் வருவதில்லை. ஒன்றன்மீது ஒன்று உரிமை கோரும் இரு கட்சிகளாகவும் வருகின்றன. சேக்கிழாரின் தடுத்தாட்கொண்ட புராணத்தையும் இத்தாலியரான பொக்காச்சியோவின் டெக்கமெரான் கதைகள் சிலவற்றையும் அருகருகே வைத்து, அவ்வுரிமை எந்தச் சான்றினால் நிலைபெறுகிறது அல்லது தோற்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திண்டிவனத்தைச் சார்ந்த கிடங்கிலைப் பாடும் சிறுபாணாற்றுப்படையும், திருவெண்ணெய்நல்லூரைச் சார்ந்த மெய்கண்டார் வரலாற்று மரபும் துணைச்சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இளமை, முதுமை, பெரியபுராணம், டெக்கமெரான், ஆவணம், சிறுபாணாற்றுப்படை, மெய்கண்டார்

முன்னுரை

மணக்கோலத்தில் அமர்ந்திருக்கும் ஓர் இளைஞரை முதிய அந்தணர் ஒருவர் வந்து தடுக்கிறார். 'நீ எனக்கு வழிவழி அடிமை. அதைத் தீர்த்துக்கொண்டு பிறகு மணம் செய்' என்பது அவர் வாதம். இளைஞர் நகைக்கிறார், பித்தன் என இகழ்கிறார், முதியவரைத் துரத்திச் சென்று கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது, முதியவர் வெல்கிறார். சுந்தரர் வரலாற்றின் இத்தொடக்கம் தமிழ் படித்தோர் அனைவரும் அறிந்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் பெண்ணையாற்றின் தென்பால் உள்ள அவ்வூரின் அருட்டுறைக் கோயிலோடு இணைத்து இக்கதை பெரும்பாலும் அருள்நிகழ்ச்சியாகவே விளக்கப்பட்டு வந்துள்ளது. அவ்விளக்கம் பிழையன்று. எனினும், இஃது ஓர் இளைஞருக்கும் ஒரு முதியவருக்கும் இடையே நடந்த வழக்கு என்ற எளிய உண்மை அதில் பின்தங்கிவிடுகிறது. முதுமை ஏன் வழக்காடியாக வரவேண்டும்? இறைவன் குழந்தையாகவோ அரசனாகவோ வந்திருக்கலாம். ஏன் கிழவராக வந்தார்?

இவ்வினாவைக் கூர்மையாக்க ஓர் அயல்நாட்டுக் கதைத்தொகுதி உதவுகிறது. ஜியோவன்னி பொக்காச்சியோ 1349க்கும் 1353க்கும் இடையே இயற்றியதாகக் கொள்ளப்படும் டெக்கமெரானின் நூறு கதைகளில், இளமையும் முதுமையும் எதிரெதிர் நிற்கும் கதைகள் பல உள்ளன. அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கன் காலத்துச் சேக்கிழாருக்கு அது சுமார் இரண்டு நூற்றாண்டு பிற்பட்டது. இரண்டுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. இவ்வொப்பீடு தாக்கம் தேடுவதும் அன்று, ஒப்புமைகளை எண்ணிப் பட்டியலிடுவதும் அன்று. ஒரே வகையான மோதலை இரு பண்பாடுகள் எவ்வெவ்வாறு தீர்த்துவைக்கின்றன என்பதே இங்குக் கருதப்படுவது.

இரு உரிமைக் கோரிக்கைகள்

டெக்கமெரானின் இரண்டாம் நாள் பத்தாம் கதையில் பீசா நகரத்து நீதிபதி ரிச்சார்தோ வருகிறார். அறிவில் வல்லவர், உடலில் மெலிந்தவர். அந்நகரத்தின் அழகிய இளம்பெண்களுள் ஒருத்தியான பார்த்தொலொமேயாவை மணக்கிறார். தம் உடலின் இயலாமையை மறைக்கப் புனிதர் நாள்களும் நோன்பு நாள்களும் நிறைந்த ஒரு நாட்காட்டியை அவளுக்குக் கற்பிக்கிறார். அந்நாள்களில் கணவனும் மனைவியும் விலகியிருத்தல் வேண்டும் என்பது அவர் போதனை. ஆண்டின் பெரும்பகுதி இவ்வாறு கழிகிறது. கடலில் மீன்பிடி காணச் சென்றபோது பகனீனோ என்னும் கடற்கொள்ளையன் அவளைக் கவர்ந்து மொனாக்கோவுக்குக் கொண்டு செல்கிறான். கணவர் தேடிச் சென்று அவளைத் தம் மனைவி எனக் கோரும்போது, இவரை நான் அறியேன் என்கிறாள். தனிமையில் விட்டதும் அறிந்தே மறுத்ததைச் சொல்லி, அவருடைய நாட்காட்டியை நையாண்டி செய்து திருப்பி அனுப்புகிறாள். நீதிபதி பீசாவுக்குத் திரும்பிச் சித்தம் கலங்கி இறக்கிறார். பகனீனோ அவளை முறைப்படி மணக்கிறான்.

இக்கதையைத் தடுத்தாட்கொண்ட புராணத்தின் அருகில் வைத்தால் ஒன்று புலப்படும். இரண்டிலும் முதியவர் ஒருவர் இளையவர் ஒருவர்மீது உரிமை கோரி நெடுவழி வருகிறார். இரண்டிலும் இளையவர் அவ்வுரிமையை மறுக்கிறார். இரண்டிலும் பித்து என்னும் சொல் கதையின் நடுவே நிற்கிறது. இரண்டிலும் சட்டமும் உண்டு: ஒன்றில் வழக்காடியே நீதிபதி, மற்றதில் வழக்கு ஊர்ச்சபையின் முன் நிற்கிறது. ஆயின் முடிவுகள் நேர் எதிரானவை. சட்டம் அறிந்த ரிச்சார்தோ சட்டத்தைப் பயன்படுத்தாமல் மன்றாடித் தோற்கிறார், பித்தனாகவும் ஆகிறார். பித்தன் என இகழப்பட்ட வெண்ணெய்நல்லூர்க் கிழவரோ சட்டத்தின் வழியே வெல்கிறார்.

இவ்வேறுபாட்டை 'அவர் கடவுள், இவர் மனிதர்' என்று சொல்லி முடித்துவிடலாகாது. சபையோர் தீர்ப்பளிக்கும்போது அவரைக் கடவுள் என்று அறிந்திலர். அவர்கள் முன் நின்றவர் ஒரு முதியவர்; அவர்கள் ஏற்றது ஓர் ஓலையை. ஆகவே வேறுபாடு சான்றின் இயல்பில் இருக்கிறது.

உடலும் ஓலையும்

பொக்காச்சியோவின் கதையில் ஏற்கப்படும் சான்று உடல் ஒன்றே. திருமணம் திருச்சபை அறிய நடந்தது. கணவரின் உரிமையில் சட்டக்குறை எதுவும் இல்லை. எனினும் இளமை உடலின் தேவையை முன்வைத்தபோது அவ்வுரிமை கலைந்துபோகிறது. நாட்காட்டி என்பது முதுமை தயாரித்த பொய் ஆவணம் என்றே சொல்லலாம். காலத்தை எழுத்தாக்கி இளமையைக் கட்டிவைக்க முயன்ற அந்த ஆவணத்தை அப்பெண் சிரித்தே கிழிக்கிறாள்.

சேக்கிழாரிடத்தில் ஆரூரர் ஓலையைக் கையாலேயே கிழிக்கிறார். ஆனால் கிழிந்தது படியோலை. மூல ஓலை சபையின் முன் வருகிறது. அதன்பின் நிகழ்வன ஒரு நீதிமன்ற நடவடிக்கைக்கு உரியவை: ஓலை வாசிக்கப்படுகிறது, சாட்சிக் கையெழுத்திட்டோர் தம் எழுத்தென ஒப்புகின்றனர், பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலை காப்பிலிருந்து வரவழைக்கப்பட்டு, இரண்டும் ஒத்துப் பார்க்கப்படுகின்றன. சோழ அரசின் அமைச்சராக இருந்தவர் சேக்கிழார் என்பதை இப்பகுதி நன்கு உணர்த்தும். பக்திக் காப்பியம் ஒன்றில் கையெழுத்து ஒப்பீட்டுக்கு இத்துணை இடம் தரப்பட்டிருப்பது தற்செயல் அன்று.

முதுமையின் உரிமை இங்கு உடலைச் சார்ந்ததன்று. இளையவர் பிறப்பதற்கு முன்பே நிகழ்ந்த ஒன்றை நினைவில் வைத்திருப்பதே அதன் வலிமை. ஆரூரரின் பாட்டனார் பெயரும் ஆரூரரே. பெயரன் பாட்டனின் பெயரைத் தாங்கியிருக்கிறார். பெயரோடு கடனும் வந்திருப்பதை அறியவில்லை. பெயரன் என்ற உறவுச்சொல்லே தமிழில் பெயரைத் தாங்கியவன் என்னும் பொருளது. அச்சொல்லின் பொருளை ஒரு வழக்காகவே நடத்திக் காட்டுகிறார் சேக்கிழார் எனலாம்.

இன்னொரு நுட்பம். பித்தன் என்ற சொல்லை ஆரூரர் மணப்பந்தலில் வசையாக எறிகிறார். அது தம் நாவில் அப்போது பிறந்த சொல் என்றே எண்ணியிருப்பார். சபையில் ஓலை வாசிக்கப்படும்போது, பாட்டனார் அடிமைத்திறம் எழுதிக்கொடுத்ததே வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்குத்தான் என்பது தெரியவருகிறது. இளமை புதிதாகக் கண்டதாக நினைத்த சொல் இரண்டு தலைமுறைக்கு முன்பே ஆவணத்தில் இருந்த பெயர். பின்னர் இறைவன் பாடப் பணிக்கும்போது அதே சொல்லே பதிகத்தின் முதற்சொல்லாகிறது. வசை, ஆவணப்பெயர், துதி என ஒரு சொல் மூன்று நிலை கொள்வதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. நடுவில் உள்ள ஆவணநிலைதான் அதிகம் கவனிக்கப்படவில்லை. அந்நிலை இல்லாவிடில், இகழ்ச்சி துதியாக மாறியது ஓர் அற்புதம் என்று மட்டுமே சொல்ல முடியும். அந்நிலை இருப்பதனாலோ, இளமை தன் சொல்லின் பழமையைக் கண்டுகொள்ளும் கதையாக அது மாறிவிடுகிறது.

தீர்ப்பளித்த சபையைக் குறித்தும் ஒரு சொல். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சபை வாரியங்களுக்கு உரியோரின் வயது வரம்பைக் கூறுகின்றன. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த வரம்பு, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 35 முதல் 70 வரை என மாற்றப்படுகிறது. வெண்ணெய்நல்லூர்ச் சபையினரின் வயதைச் சேக்கிழார் சொல்லவில்லை. ஓர் ஊரின் வரம்பை வேறோர் ஊருக்கு அப்படியே பொருத்துவதும் முறையன்று. ஆனால் பொதுக்காரியத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதி மிக இளையோர்க்கும் மிக முதியோர்க்கும் இல்லை என்ற கருத்து சோழநாட்டு ஊராட்சியில் எழுத்துவடிவம் பெற்றிருந்தது என்பது தெளிவு. தாந்தே தம் கொன்விவியோவில் மனித வாழ்வை வளைவாக உருவகித்து, அதன் உச்சியை 35ஆம் வயதிலும், முதுமையின் எல்லையை 70ஆம் வயதிலும் வைத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது. இரு நிலங்களிலும் எண்கள் ஒத்துப்போவதில் பெரிய பொருள் காணவேண்டியதில்லை. பருவங்களை எண்ணால் வரையறுக்கும் வேட்கை இரு நிலத்துக்கும் பொதுவாக இருந்தது என்பதே போதும்.

அழகிய மூப்பும் நகைக்குரிய மூப்பும்

முதியவர் மணப்பந்தலுக்கு வரும் காட்சியைச் சேக்கிழார் விரிவாகத் தீட்டுகிறார். வெண்ணரை, தளர்நடை, கையில் மூங்கில் தண்டு, நிழல் செய்யும் குடை என ஒவ்வொன்றும் வருகிறது. கண்டோர் ஐயுறுகின்றனர்: பேரழகுதான் முதிர்ந்து இவ்வடிவு கொண்டதோ, மூப்பு என்பதற்கே உருவம் வாய்த்ததோ, வைதிக நெறியின் மூலம்தானோ என்று. முதுமையை அழகின் குறைவாகக் காணாமல் அழகின் வளர்ச்சியாகக் காணும் இந்த ஐயம் உலக இலக்கியத்தில் எளிதில் கிடைப்பதன்று. டெக்கமெரானின் கிழக்கணவர்களுக்கு இத்தகைய அறிமுகம் கிடைப்பதில்லை.

ஆனால் பொக்காச்சியோவை முதுமையின் பகைவராகக் கருதுவது தவறு. முதல் நாள் பத்தாம் கதையில் பொலோஞா நகரத்து மருத்துவர் ஆல்பர்ட்டோ எழுபதை நெருங்கிய வயதில் மால்கெரீதா என்னும் அழகிய கைம்பெண்ணிடம் காதல் கொள்கிறார். பெண்கள் கூடி அவரைக் கேலிசெய்யத் திட்டமிடுகின்றனர். அவர் சினவாமல், பெண்கள் லீக் என்னும் ஒருவகை வெங்காயப் பூண்டை உண்ணும் முறையை எடுத்துரைக்கிறார். சுவையுள்ள தலைப்பகுதியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவையற்ற இலைகளைத் தின்கிறார்களே, காதலரைத் தேர்வதிலும் அப்படித்தானோ என்பது அவர் கேள்வி. நாணுவது அப்பெண்தான். நான்காம் நாளின் முன்னுரையில் பொக்காச்சியோ தமக்காகவே இதே பூண்டைத் துணைக்கு அழைக்கிறார்: தலை வெளுத்திருப்பினும் அடி பசுமையாகவே இருக்கும் என்று. அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டியே இருக்கும். கவால்கந்தி, தாந்தே, சீனோ ஆகிய கவிஞர்களையும் தம் கட்சிக்குச் சாட்சிகளாகக் கூட்டிக்கொள்கிறார்.

ஆல்பர்ட்டோ வெல்வதும் ரிச்சார்தோ தோற்பதும் ஏன்? ரிச்சார்தோ உடைமை கோருகிறார். ஆல்பர்ட்டோ எதையும் கோரவில்லை. உடைமை கோரும் முதுமையை இளமை உடலால் அளக்கிறது. கோராத முதுமை சொல்லால் அளக்கப்படுகிறது. இங்குதான் வெண்ணெய்நல்லூர்க் கதை உண்மையிலேயே வேறுபடுகிறது. அங்கே முதுமை முழு உடைமையையும் கோருகிறது, ஒருவரை அடிமையாகவே கேட்கிறது, கேட்டும் வெல்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழும்: அது வேடம்தானே? மெய்யான முதுமைக்கு இக்கதை எவ்வாறு சான்றாகும்? மறுப்பு வலியதே. இறைவன் கொண்ட மூப்பில் நோயில்லை, மறதியில்லை, சாவில்லை. திருவதிகைச் சித்தவட மடத்தில் அதே முதியவர் உறங்கும் சுந்தரர் தலைமீது கால் வைக்கிறார். கேட்டால், திசை அறியாதபடி செய்தது தம் மூப்பு என்கிறார். தலையை மாற்றி மாற்றி வைத்தும் கால் தொடர்கிறது. மூப்பின் தளர்ச்சியை ஒரு சாக்காகப் பயன்படுத்தும் மூப்பு இது. உண்மையில் திசை தவறியவர் அவரல்லர். ஆகவே பெரியபுராணம் முதுமையைப் பெருமைப்படுத்துகிறது என்று பொதுவாக எழுதிவிடும் நம் வழக்கத்தில் எச்சரிக்கை வேண்டும். அது பெருமைப்படுத்துவது பழமையை. மூப்பு பழமையின் ஆடை. ஆடைக்குள் உடல் இல்லாத காரணத்தால்தான் உடற்சான்று அங்குச் செல்லாதாகிறது.

யார் சொல்லும் கதை?

டெக்கமெரானின் கதைகளைச் சொல்வோர் பதின்மர். எழுவர் பெண்கள், 18 வயதுக்குக் குறைந்தவரும் 28 வயதுக்கு மேற்பட்டவரும் அவர்களுள் இல்லை. ஆண்கள் மூவருள் எவரும் 25 வயதுக்குக் குறைந்தவர் அல்லர், ஆயினும் இளைஞர்களே. 1348ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் சுற்றத்தாரை இழந்து பிளாரன்ஸ் நகரை விட்டு வெளியேறியவர்கள் அவர்கள். அந்தத் தோட்டத்தில் அவர்களைக் கண்டிக்கவோ வழிநடத்தவோ பெரியோர் ஒருவரும் இல்லை. முதுமை நகைப்புக்குள்ளாவதற்கு இச்சூழலும் ஒரு காரணம் ஆகும். நினைவை வைத்திருந்தோர் இறந்துபோன ஊரில் பழைய ஓலையைக் காட்ட யார் வருவார்?

முதுமை தன்னைத் தானே பேசும் இடத்துக்குத் தமிழில் புறநானூற்று 243ஆம் பாட்டுக்குச் செல்லவேண்டும். தொடித்தலை விழுத்தண்டினார் என்ற பெயராலேயே தண்டூன்றிய முதியவராக நமக்கு அறிமுகமாகும் அப்புலவர், மருதமரக் கிளையிலிருந்து ஆழ்நீரில் குதித்து அடிமணலை அள்ளிவந்த தம் இளமையை நினைந்து இரங்குகிறார். அங்கு வழக்கு இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை. இளமையும் முதுமையும் ஒரே உடலில் இருப்பதால் இழப்பு மட்டுமே மிஞ்சுகிறது.

சிறுபாணாற்றுப்படையின் நிலை வேறு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் இன்று திண்டிவனம் நகரத்தின் ஒரு பகுதி. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் அவனைப் புகழும்போது, முதியோரைக் கண்டால் குவியும் கையையும் இளையோரை எதிர்கொண்டு விரியும் மார்பையும் அவனுக்கு அடையாளமாக்குகிறார். இளையோர் என்பதைப் போர்வீரர் எனக் கொள்வது உரைமரபு. ஒரே உடலின் இரு மெய்ப்பாடுகள்: ஒன்று குவிகிறது, ஒன்று மலர்கிறது. முதுமையும் இளமையும் தம்முள் மோதாதபடி நடுவில் தலைவன் நிற்கிறான். இரண்டையும் ஏற்கும் மூன்றாம் உடல் ஒன்று இருக்கும்வரை வழக்குக்கு இடமில்லை. கிடங்கிலிலிருந்து திருவெண்ணெய்நல்லூர் நெடுந்தொலைவு இல்லை. ஆனால் நத்தத்தனாருக்கும் சேக்கிழாருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. தலைவன் நின்ற இடத்தில் இப்போது சபையும் ஓலையும் நிற்கின்றன.

தலைகீழான வழக்கு

திருவெண்ணெய்நல்லூருக்கு இரண்டாவது கதையும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான மெய்கண்டார் பெண்ணாகடத்தில் பிறந்து, இவ்வூரில் தம் மாமன் வீட்டில் வளர்ந்தார் என்பது சைவ மரபு. சிறுவராக இருந்தே மாணாக்கர்க்கு மெய்ப்பொருள் உணர்த்தினார். குலகுருவும் சகலாகம பண்டிதருமான முதியவர் தம்மை மதியாத சிறுவன்மீது சினந்து வந்து, ஆணவ மலத்தின் இயல்பு யாது எனக் கேட்கிறார். சிறுவர் விடை சொல்லவில்லை. சினந்து நிற்கும் அவரையே நோக்குகிறார். முதியவர் அக்கணமே தம்மை உணர்ந்து, அச்சிறுவருக்கு மாணாக்கராகி அருள்நந்தி சிவாசாரியார் ஆகிறார். சிவஞான சித்தியாரை இயற்றியவர் இவரே. இருபா இருபஃது முழுவதும் தம்மினும் இளையவரான ஆசிரியரை முன்னிலைப்படுத்திப் பாடியது.

ஓர் ஊர், இரு வழக்குகள். முன்னதில் இளமையின் செருக்கை முதுமை உடைக்கிறது. பின்னதில் முதுமையின் செருக்கை இளமை உடைக்கிறது. முன்னதில் ஓலை பேசுகிறது. பின்னதில் எழுத்தும் இல்லை, பேச்சும் இல்லை, பார்வை மட்டுமே. சகல ஆகமங்களும் கற்றவரிடம் ஆவணங்களுக்குக் குறைவில்லை. அவை அத்தனையும் அங்குப் பயன்படவில்லை. இரண்டாம் கதையை அறிந்தபின் முதற்கதையை முதுமைக்குச் சாதகமான கதை என்று மட்டும் படிக்க இயலாது. திருநாவுக்கரசரைச் சிறுவரான சம்பந்தர் அப்பரே என விளித்ததும், அந்த முதியவர் திருப்பூந்துருத்தியில் சிறுவரின் சிவிகையைத் தாங்கியதும் இவ்விரண்டுக்கும் அப்பால் உள்ள மூன்றாம் நிலை. அங்கு எவர் செருக்கும் உடையவேண்டியிருக்கவில்லை.

பேசும் பெண்களும் பேசாத மணமகளும்

பொக்காச்சியோவிடம் இளமையின் வழக்கை நடத்துவோர் பெரும்பாலும் பெண்கள். நான்காம் நாள் முதற்கதையில் சலேர்னோ நாட்டு மன்னர் தன்க்ரேதி, கைம்பெண்ணான மகள் கிஸ்மோந்தாவை மறுமணம் செய்துகொடுக்காமல் தம்மிடமே வைத்திருக்கிறார். அவள் தாழ்ந்த குடியினனான குயிஸ்கார்தோவை விரும்புகிறாள். உண்மை வெளிப்பட்டதும் மன்னர் அடிபட்ட குழந்தையைப்போல் அழுகிறார், மகள் அழவில்லை. தசையால் ஆன தந்தை பெற்றது தசையால் ஆன மகளையே, கல்லையோ இரும்பையோ அன்று என்கிறாள். முதியவராகிவிட்ட போதிலும் இளமையின் விதிகளை நினைவில் வைத்திருந்திருக்க வேண்டும் என்கிறாள். இங்கு முதுமைமீது சாட்டப்படும் குற்றம் தளர்ச்சி அன்று, மறதி. வெண்ணெய்நல்லூரில் முதுமைக்கு வலிமை தந்த நினைவு, சலேர்னோவில் அதனிடம் இல்லை. காதலனின் இதயம் பொற்கிண்ணத்தில் வந்ததும் அவள் நஞ்சருந்தி இறக்கிறாள். வழக்கில் அவள் தோற்றாள் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது.

இனி, மணம் தடைப்பட்ட புத்தூருக்குத் திரும்பலாம். அங்கும் ஓர் இளம்பெண் இருந்தாள். சடங்கவி சிவாசாரியாரின் மகள் என்பதற்குமேல் அவளுக்குச் சேக்கிழார் பெயர் தரவில்லை. முதியவர் வந்தபோது அவள் என்ன நினைத்தாள், மணமகன் ஓலையைத் தொடர்ந்து ஓடியபோது எங்கு நின்றாள் என்பவை சொல்லப்படவில்லை. ஆரூரரையே தியானித்து எளிதாகச் சிவலோகம் எய்தினாள் என்று சுருங்கச் சொல்லி அவள் கதை முடிக்கப்படுகிறது. சுந்தரருக்குப் பின்னர்த் திருவாரூரில் பரவையாரும் திருவொற்றியூரில் சங்கிலியாரும் வாய்த்தனர். மரபுவழி வெண்பா சொல்லும் கணக்கின்படி பதினெட்டு வயதிலேயே கயிலை சென்றதனால் முதுமையும் அவரைத் தீண்டவில்லை. அவர் இளமைக்கு ஓர் ஓலை இருந்தது. அதைப் படித்துப் பொருள் சொல்ல ஒரு சபையும் இருந்தது. அப்பெண்ணின் இளமைக்கு ஓலை இல்லை. அவள் பாட்டனார் யாருக்கும் எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. ஆயினும் அவளும் கொடுக்கவேண்டியிருந்தது.

சேக்கிழார் இதை உணராமல் விட்டவர் என்று கொள்ளத் தோன்றவில்லை. உணராதவராயின் அவளைக் குறிப்பிடாமலே கடந்திருப்பார். திருமணத்தை நிறுத்திய கதைக்கு மணமகளின் முடிவு தேவைப்படவில்லை; எனினும் ஓர் இடம் தருகிறார். பார்த்தொலொமேயாவும் கிஸ்மோந்தாவும் பக்கக்கணக்கில் வழக்காடும் நூலோடு வைத்துப் பார்க்கும்போது அவ்விடம் மிகச் சிறியது. புத்தூரின் பெயரில் மட்டும் மணம் என்னும் சொல் இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.